ரெண்டு கோடு

மூடி சிவப்பாக இருந்தது. ஆரஞ்சாக அல்லவா இருக்கோணும்? சுலோச்சனா டப்பாவை அடுப்படி மேடையில் கவிழ்த்துப் பார்த்தாள். விழுந்த ஊசி அத்தனையும் சிவப்பு மூடி, அத்தனையும் வீட்டுக்காரர் கிட்டுசாமியோடது. மைனருக்குக் காத்தால ஊசி போட்ட கையோடு, அவனுடைய ஆரஞ்சு மூடி ஊசிகளைத் தன்னோடதென்று அள்ளிப் பைக்குள் திணித்துக்கொண்டு அந்த மனுசன் உடுமலைக்குக் கண்ணாலத்துக்குப் போயாச்சு. நல்லா இருக்குது கூத்து. மைனர் என்றால் ஆள் இல்லை, பூனை. சிங்காநல்லூர் மில் காலனியில் ஒரு சந்து விடாமல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்ததால் கிட்டுசாமி வைத்த பேர். இப்போது அந்த மைனருக்கும் சக்கரை, பேர் வைத்தவருக்கும் சக்கரை. காத்தால ஒண்ணு, பொழுதோட ஒண்ணு என்று ரெண்டு பேருக்கும் இன்சுலின். ரெண்டு பேர் ஊசியும் ஒரே மாதிரி பிஸ்கட் டப்பாவில். ஒரே மாதிரி டப்பா வேண்டாமுங்க என்று தலைபாடாக அடித்துக்கொண்டாள், கேட்டால்தானே! இன்றைக்குப் பொழுதோட போட வேண்டியது அவள் தலையில் விழுந்திருக்கிறது. அவள் இதுவரை ஊசி போட்டதில்லை. முதுகைத் தடவிக் கொடுப்பது, "ஆச்சு சாமி, ஆச்சு" என்பது, அதோடு அவள் வேலை தீர்ந்தது. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே அவர் சொன்னது இவ்வளவுதான்: "ஒண்ணும் பயமில்ல அம்மிணி. அவன் உண்டதும் எப்பவும் போல ரெண்டு கோடு. தோலத் தூக்கிக் குத்து, தீந்துது." ரெண்டு கோடு. எந்த ஊசியில் ரெண்டு கோடு என்று அந்த மகராசன் சொல்லவில்லை.

போன் அடித்து அடித்து ஓய்ந்தது. மண்டபத்தில் மேளம் கொட்டுகிற நேரத்தில் பைக்குள் கிடக்கிற போன் யாருக்குக் கேக்கப் போகுது? பூனை ஆஸ்பத்திரிக்கு அடித்தால், டாக்டரம்மா ஆப்பரேசன்ல இருக்காங்க, வந்ததும் கூப்பிடுவாங்க என்றார்கள். முக்கில் இருக்கிற மெடிக்கல்காரன், ஆரஞ்சு மூடி நாங்க வெக்கறதில்லீங்க, சிவப்பு வேணா இருக்குது என்றான். சிவப்புக்கு இங்கே என்ன பஞ்சமா! மைனர் வேக வைத்த கோழிக்கறியை உண்டு முடித்துவிட்டுத் தட்டை நக்கிக்கொண்டிருந்தான். தட்டுக்குப் பக்கத்தில் தண்ணிக் கிண்ணம். அவள் குனிந்து பார்த்தாள். காத்தால ஊற்றின தண்ணி அப்படியே தளும்பிக்கொண்டு இருக்கிறது. கிண்ணம் கிண்ணமாகக் குடிக்கிறவன், குழாயடியில் போய் நாக்கை நீட்டுகிறவன், இன்றைக்கு ஏன் குடிக்கவில்லை? உடம்புக்கு என்னமோ ஆகிப்போச்சா? சக்கரை ஏறிப்போய் நாக்கு செத்துப்போச்சா? ஆனால் கறியை ஒரு துணுக்கு விடாமல் உண்டிருக்கிறானே. பயம் ஒரு பக்கம் இழுத்தது, தட்டு ஒரு பக்கம் இழுத்தது. டாக்டரம்மா முதல் நாளே சொல்லியிருந்தார்கள், சந்தேகம் வந்தா ஊசிய விட்டுருங்கம்மா, ஒரு வேளை விட்டா ஒண்ணும் ஆகாது, கூடப் போட்டாத்தான் ஆபத்து என்று. அது அவள் காதில் ஏறியதே ஒழிய மனசில் ஏறவில்லை. மில்லில் இருந்த காலத்தில் ஒரு ஷிப்ட் தவறினவள் இல்லை அவள். ஊசி தவறினால் மறுபடி அந்தப் பின்னங்கால் வந்துவிடும் என்பதுதான் அவள் மனசில் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் பின்னங்கால். மைனர் என்று பேரெடுத்தவன் ஒரு நாள் குதிகாலைத் தரையில் தேய்த்துத் தேய்த்துக் கிழவனாட்டம் நடந்து வந்தான். ஜன்னல் மேல் தாவப் பார்த்துப் பாதியில் விழுந்தான். விழுந்துவிட்டு, யாரும் பார்க்கலையே என்று ஒரு பார்வை பார்த்தான் பாருங்க, அதை அவள் இன்னும் மறக்கவில்லை. என்ன சீக்கு என்று முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, எறும்பு. புறவாசலில் அவன் ஒண்ணுக்குப் போக வைத்த மண் தட்டைச் சுற்றி எறும்பு சாரை சாரையாக மொய்த்தது. கிட்டுசாமி குனிந்து பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "அட கெரகமே, நம்மாளுக்கும் சக்கரை புள்ள! ஊட்டுல நானொருத்தன் பத்தாதா?" அப்புறம்தான் ஆஸ்பத்திரி, ரத்தம், குப்பி, ஊசி எல்லாம். டாக்டரம்மா அளந்து காட்டிய மருந்தைப் பார்த்து, இவ்வளவுதானா என்று இவள் வாய்விட்டே கேட்டாள். கடுகு உருண்டால் நிற்கிற இடம். கண்ணீர் கூட அதைவிடப் பெரிசாக விழும். அந்தத் துளியூண்டு உள்ளே போய், அந்தக் கால் நிமிர்ந்து, மயிர் பளபளத்து, ஒரு நாள் காத்தால ஜன்னல் மேல் உட்கார்ந்து அணிலைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தான்! அன்றைக்கு அவள் பாலைப் பொங்க விட்டுவிட்டு நின்றாள். எப்பேர்ப்பட்ட சமாச்சாரம் இது, யாரு பண்ணி வெச்ச கணக்கு இது என்று நின்றாள். அதே டாக்டரம்மாதான் இன்னொன்றும் சொன்னார்கள். பூனைங்களுக்கு ஒரு அதிசயம் இருக்குதுங்கம்மா, ஒழுங்கா ஊசி போட்டுட்டு வந்தா செலதுக்கு ஒரு கட்டத்துல உடம்பே மறுபடி இன்சுலின் ஊற வெச்சுக்கும், ஊசியே வேண்டாம்னு ஆயிரும் என்று. கிட்டுசாமி நாற்காலி நுனிக்கு வந்து, "மனுசனுக்குங்க டாக்டர்?" என்றார். உங்களாட்டம் இத்தன வருசமா ஊசி போடறவங்களுக்கு அப்பிடி வராதுங்கய்யா என்றதும், மறுபடி நாற்காலிக்குள் சாய்ந்துகொண்டார். வீட்டு வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கும்போது மைனரின் கூடையைப் பார்த்து, "குடுத்து வெச்சவன்டா நீ" என்றார். அதில் பாதி கிண்டல், பாதி வயிற்றெரிச்சல்.

ஆனால் எப்படிப் போடுவது என்பதில்தான் வீட்டில் அக்கப்போர். டாக்டரம்மா சொன்னது ஒரே அளவு. காத்தாலயும் பொழுதோடயும் அதே அளவு. நடுவுல ஏத்தறது எறக்கறது கூடாது, இந்த மருந்து மெதுவாப் படிஞ்சு வேல செய்யற மருந்து, நானே அப்பப்ப பாத்து மாத்தறேன் என்றார்கள். சுலோச்சனாவுக்கு அது பொன்னான வார்த்தை. கிட்டுசாமிக்கு அது பொருந்தவே இல்லை. அவர் தன் உடம்புக்கே அப்படிப் போடுகிற ஆள் இல்லையே! விரலைக் குத்திப் பார்ப்பார், மிசினில் நம்பரைப் பார்ப்பார், கூடினால் ஒரு கோடு கூட, குறைந்தால் ஒரு கோடு குறைச்சு. இன்னைக்கு விருந்துக்குப் போன ஒறம்பரை ஊட்டுல ரெண்டு லட்டு, அதுக்கு ரெண்டு கோடு என்று லட்டுக்கே ஒரு கணக்கு வைத்திருப்பார். மைனருக்கும் காதில் குத்தி மிசினில் பார்க்கோணும் என்று ஒற்றைக்காலில் நின்றார். "கண்ணக் கட்டிட்டுக் கார் ஓட்டறதா? உள்ள எவ்வளவு இருக்குதுன்னு தெரியாம ஊத்தறதா?" "டாக்டரு நீங்களா அவங்களா? பச்ச ஒடம்ப நொட்டு நொட்டுனு குத்திட்டு!" "அவன் ஒடம்பு ஒரே மாதிரியா இருக்குது, அளவு மட்டும் ஒரே மாதிரி இருக்கறதுக்கு?" கடைசியில் டாக்டரம்மாவே ரெண்டு பேருக்கும் நடுவில் வந்து, அளவு நான் சொன்னதுதான், ஆனா போடறதுக்கு முன்னால காதுல ஒரு சொட்டு பாக்கறது நல்லதுதான், கம்மியா இருந்தா போடாம என்னயக் கூப்பிடுங்க என்று தீர்ப்புச் சொன்னார்கள். அவருக்குப் பாதி ஜெயம், இவளுக்குப் பாதி ஜெயம். ஆனாலும் காதில் குத்தும்போதெல்லாம் இவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவர் ஊரில் இல்லாத இன்றைக்கு அந்த மிசினை எடுக்கிற எண்ணமே அவளுக்கு இல்லை. ரெண்டு கோடு என்றால் ரெண்டு கோடு. எந்த ரெண்டு கோடு என்பதுதானே இப்போது வழக்கு.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஊசியை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். பொடி எழுத்தில் நாற்பது என்று இருந்தது. மைனரின் மருந்துக் குப்பியை எடுத்துத் திருப்பினாள். நூறு. குளிர்பெட்டியில் இருந்து கிட்டுசாமியின் பழைய குப்பி ஒன்றை எடுத்துப் பார்த்தாள். நாற்பது. ஓஹோ! நாற்பது, நூறு. இதையா இத்தனை நேரம் தெரியாமல் முழித்தோம்! ஆளைப் பார்த்துப் பேர் சொல்லு என்றால் முழிப்பாள், நூலைப் பார்த்துச் சொல்லு என்றால் சுலோச்சனாவை அடிக்க மில்லில் ஆள் கிடையாது. டெஸ்டிங் ரூமில் உட்கார்ந்து பாதி ஆயுசு நூல் நம்பர் பார்த்தவள். கண்ணை மூடிக்கொண்டு ரெண்டு விரலுக்கு நடுவில் உருட்டினாலே, இது நாப்பதாம் நம்பரு, இது அறுவதாம் நம்பரு என்பாள். நாற்பதாம் நம்பர் கொஞ்சம் தடி. நூறாம் நம்பர் மெலிசு, ஊதினால் பறக்கும். நம்பர் ஏற ஏற நூல் மெலிசு, இது மில்லில் வேலை பார்த்தவன் வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அப்ப இதுவும் அதுதான். அவரோட மருந்து நாப்பது, தடிச்ச மருந்து, அவரு ஒடம்புக்கு அது வேணும். மைனரோடது நூறு, மெலிசு மருந்து. பூனைக்கு மெலிசாத்தான குடுப்பாங்க, நியாயந்தான! இந்தச் சிவப்பு மூடி ஊசியின் கோடு தடிச்ச மருந்துக்குப் போட்ட கோடு. மெலிசை இதில் ரெண்டு கோடு இழுத்தால் எந்த மூலைக்கு? நூறை நாற்பதால் வகுத்தால் ரெண்டரை. ரெண்டு ரெண்டரை அஞ்சு. அஞ்சு கோடு. அவளுக்கு மனசு குளுகுளு என்று ஆனது. மேளச் சத்தத்தில் போனை எடுக்காத மனுசனே, வந்து பாரும் என்று இருந்தது. குப்பியைக் கவிழ்த்து, நுரை தட்டி, கை நடுங்காமல் அஞ்சு கோடு இழுத்தாள்.

மைனர் தரையில் அவளுக்குப் பக்கமாக வந்து, தானாகவே முதுகைக் காட்டிப் படுத்தான். அதுதான் அவளைக் கொன்றது. உண்டதும் ஊசி என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் வந்து படுக்கிறான். யார் கையில் என்ன இருக்கிறது, எத்தனை கோடு இருக்கிறது, ஒன்றும் கேட்பதில்லை. அவள் இடது கையால் கழுத்துக்குக் கீழே தோலைத் தூக்கினாள். கூடாரம் மாதிரி எழும்பியது. உள்ளே கர்ர் கர்ர் என்று அவன் இரைகிற சத்தம் விரல் வழியாக அவள் முழங்கைக்கு ஏறியது. கூடப் போட்டாத்தான் ஆபத்து. யாரு சொன்னது? டாக்டரம்மா. கூட எங்க போட்டேன், கணக்குப் பாத்துத்தான போட்டேன். ஒரு தரம் ஊசி கூடிப்போய்த் திருப்பூர் பஸ்ஸில் கிட்டுசாமிக்கு வேர்த்து ஊற்றியது ஞாபகம் வந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கண் திறந்திருக்கிறது, ஆனால் ஆள் அங்கே இல்லை. "சுலோ, பஸ்ஸு ஏன் பின்னால போகுது" என்று குழந்தை மாதிரிக் கேட்டார். யாரோ கொடுத்த சர்பத்தை இவள் அவர் வாயில் ஊற்றி ஊற்றி, அது தாடையில் வழிந்து வழிந்து, அப்புறம் ஒரு நேரத்தில் அவர் கண்ணுக்குள் அவர் திரும்பி வந்தார். அத்தனை பெரிய ஆளையே அந்த ஊசி மருந்து அப்படி வெளியே தள்ளிவிட்டது. இந்த உள்ளங்கை அகல உடம்பை என்ன செய்யும்? விரலுக்கு நடுவில் அவன் மயிர் இருந்தது. பழக்க தோசம், அவள் விரல் அதை உருட்டியது. மெலிசு. நூறாம் நம்பருக்கும் மேலே இருக்கும். விரல் உருட்டிக்கொண்டே இருந்தது; மனசு டெஸ்டிங் ரூமுக்குப் போய்விட்டது. தராசு. சூப்பர்வைசர் வேலுச்சாமி அண்ணன் முதல் நாள் சொல்லிக் கொடுத்தது. நம்பருங்கறது என்ன புள்ள? ஒரே நீளத்துக்குச் சுத்துன நூல் கட்டு ஒரு சிட்டம்; ஒரு பவுண்டு நூலுல எத்தன சிட்டம் இருக்குது, அதான் நம்பரு. ஒரு பவுண்டுக்குள்ள நாப்பது சிட்டம் இருந்தா நாப்பதாம் நம்பரு. அதே ஒரு பவுண்டுக்குள்ள நூறு சிட்டம் அடங்குச்சுனா நூறாம் நம்பரு. அடங்குச்சுனா. அடங்குச்சுனா. மெலிசாக இருப்பதால்தானே நூறு சிட்டம் அதற்குள் அடங்குகிறது? எடை அதேதான், உள்ளே இருக்கிற நூல் ஜாஸ்தி. அப்ப இந்தக் குப்பி? இதே ஒரு மில்லிக்குள்ள அவரோடதுல நாப்பது யூனிட்டு. மைனரோடதுல நூறு. ஐயோ! இது மெலிசு இல்லீடி, இது அடைசல்! பொட்டுத் தண்ணிக்குள்ள ரெண்டரை மடங்கு அடைச்சு வெச்சிருக்குது! சிவப்பு மூடியில் ரெண்டு கோடு போட்டிருந்தாலே ரெண்டு யூனிட்டுக்குப் பதில் அஞ்சு யூனிட். இவள் இழுத்து வைத்திருப்பது அஞ்சு கோடு. அதைக் கணக்குப் பண்ண அவளுக்குத் தைரியம் வரவில்லை.

தோலை விட்டுவிட்டாள். ஊசியை மேடைமேல் வைத்தாள். மாரியாத்தா, தாயே, இந்த விரலை உருட்ட வைத்தாயே. மைனர் தலையைத் திருப்பி, என்ன இன்னும் ஆகலையா என்று பார்த்தான். அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அவள் அழுதாள், சிரித்தாள், "பெரிய டெஸ்டிங் ரூம்காரியாம், தூ" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். நூல் பொய் சொல்லவில்லை. இவள் பாதி நூலைத்தான் கேட்டாள். இனி என்ன? சரியான அளவு என்றால் இந்த ஊசியில் ஒரு கோடு கூட நிறையாது. ஒரு கோட்டுக்கும் கீழே, கோடே இல்லாத வெள்ளை இடத்தில் எங்கேயோ இருக்கிறது மைனரின் உசிர். அதை எந்தக் கண்ணை வைத்து அளப்பது? போடாமல் விடலாம். விட்டால் பின்னங்கால். தண்ணி வேறு குடிக்கவில்லை. கண்ணைக் கட்டிட்டுக் கார் ஓட்டறதா, என்றார் கிட்டுசாமி அவள் காதுக்குள், உடுமலை மண்டபத்தில் இருந்துகொண்டே. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெரியோணும். அவள் எழுந்து போய் மிசினை எடுத்தாள்.

உள்ளங்கையால் காதைப் பொத்திச் சூடு பண்ணினாள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் காதுக்குள் சின்னச் சின்ன நரம்பு வேர்விட்டு ஓடுவது தெரிந்தது. இத்தனை நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டதால் இதைப் பார்த்ததே இல்லை. எவ்வளவு அழகு! இலையைத் தூக்கிப் பார்த்த மாதிரி அத்தனை நேர்த்தியாக யாரோ வரைந்து வைத்திருக்கிறார்கள். விளிம்பில் பஞ்சு கொடுத்துக் குத்தினாள். மைனர் காதை ஒரு தரம் சிலுப்பினான், அவ்வளவுதான். ரத்தம் வந்தது, குண்டூசித் தலை அளவு, உருண்டையாக. அதற்குள் அவள் முகம்கூடத் தெரிந்திருக்கும். மிசின் அதை உறிஞ்சிக்கொண்டு யோசித்தது. ஒன்பது வந்தது, ஆறு வந்தது. மூன்றாவது இலக்கத்துக்காக அவள் காத்திருந்தாள். மிசினைத் தட்டினாள். இந்த வீட்டில் இந்த மிசின் என்றைக்கும் மூன்று இலக்கம்தான் காட்டும். கிட்டுசாமிக்கும் மூன்று, மைனருக்கும் மூன்று. பாட்டரி போச்சு போல. புதுச் சோதனைப் பட்டை செருகி, அதே காதில் இன்னொரு பொட்டு எடுத்து வைத்தாள். ஒன்பது. நாலு. அதோடு நின்றது. தொண்ணூத்தி நாலு. அவள் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். காத்தால போட்ட ஊசி ஓய்கிற நேரம் இது. சக்கரை ஏறி நிற்க வேண்டிய நேரம். உண்டு வேறு இருக்கிறான். ஆரஞ்சு மூடி கையில் இருந்து, எப்பவும் போல ரெண்டு கோடு அவள் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருந்தால்கூட இன்றைக்கு அது கூடுதல்தான்.

போன் அடித்தது. டாக்டரம்மா. இவள் திக்கித் திக்கி நம்பரைச் சொன்னாள். "ஊசி போட்டுட்டீங்களாம்மா?" என்ற குரலில் பதற்றம். "இல்லீங்க." அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. "போடாதீங்க. ராத்திரி ஒரு கண்ணு வெச்சுக்குங்க, சோர்ந்தா கூப்பிடுங்க. காலைல கூட்டிட்டு வாங்க." அப்புறம், "தண்ணி எப்பிடிக் குடிக்கறான்?" என்றார்கள். "குடிக்கவே இல்லீங்க, கிண்ணம் அப்பிடியே இருக்குது." டாக்டரம்மா சிரித்தார்கள். "நல்லதும்மா. தாகம் போயிருச்சுன்னா சக்கரை எறங்குதுன்னு அர்த்தம். அவசரப்பட வேண்டாம், பாப்போம். ஆனா நான் சொன்னேனல்ல, அந்த அதிசயம்? அது வாசப்படி வரைக்கும் வந்துருச்சுன்னு நெனைக்கறேன்." சுலோச்சனா போனைக் காதில் வைத்தபடியே மைனரைப் பார்த்தாள். மூடிக் கிடந்த மில்லில், யாரும் சுவிட்சைத் தொடாமல், உள்ளே ஒரு மிசின் மட்டும் தானாக ஓட ஆரம்பித்திருக்கிறது. இவளும் அவரும் ஒரே அளவா, பார்த்துப் போடறதா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தபோதே, அது உள்ளுக்குள் சத்தமில்லாமல் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

கிட்டுசாமி கூப்பிட்டபோது பின்னால் மேளம் காதைப் பிளந்தது. "போட்டுட்டியா அம்மிணி? ரெண்டு கோடு?"

"போடலீங்."

"ஏன்? உண்கலையா அவன்?"

"தொண்ணூத்தி நாலுங்."

"என்ன தொண்ணூத்தி நாலு? யாருக்கு?"

"மைனருக்குத்தான். ரெண்டு தரம் பாத்தேன். நானே குத்திப் பாத்தேன்."

அவர் மண்டபத்தை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும்; மேளம் தேய்ந்து, அவர் மூச்சு கேட்டது. "குடுத்து வெச்சவன்" என்றார். அதே வார்த்தை. இந்தத் தரம் அதில் கிண்டலும் இல்லை, வயிற்றெரிச்சலும் இல்லை. அப்புறம், "என்ர ஒடம்புல ஊறாட்டிப் போச்சாது. அவனுக்கு ஊறட்டும் புள்ள" என்றார்.

அவளுக்குச் சட்டென்று வேறொன்று உறைத்தது. "நீங்க ஊசி போட்டாச்சுங்களா?"

"இனித்தான். பந்திக்கு முன்னால போடலாம்னு."

"பையத் தொறங்க. மூடி என்ன கலரு?"

பை திறக்கிற சத்தம். "அட கெரகமே! ஆரஞ்சு!" அப்புறம் தணிந்த குரலில், "அப்ப இதுல எத்தன கோடு போடறது?"

சுலோச்சனா வாயைத் திறந்தாள். கணக்கு நாக்கு நுனியில் நின்றது, ரெண்டரை மடங்கு, இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா. வாயை மூடிக்கொண்டாள். "கோடே கேக்காதீங்க. மெடிக்கல்ல சிவப்பு மூடி வாங்கிப் போடுங்க. விரலக் குத்திப் பாத்துட்டுப் போடுங்க. ஜிலேபிப் பக்கம் போனீங்கன்னா நான் பொல்லாதவளாயிருவேன்."

"செரீங் அம்மிணி" என்றார் அவர், ஒரு நாளும் இல்லாத மரியாதையாக.

அஞ்சு கோட்டையும் தொட்டிக்குள் பீய்ச்சிவிட்டுத் தண்ணியைத் திறந்துவிட்டாள். அது போன இடம் தெரியவில்லை. மைனர் ஜன்னல் மேல் ஒரே தாவலில் ஏறி உட்கார்ந்து காதைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் விளக்கைப் போட்டுக்கொண்டு புறவாசலுக்குப் போனாள். மண் தட்டின் முன்னால் குந்தி உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, விளிம்பெல்லாம், அடியெல்லாம், சுவரோரமெல்லாம் பார்த்தாள். மண் நனைந்துதான் இருந்தது. ஒரு எறும்பு இல்லை.